ஐஸில் மட்டும் வேண்டாம்

ஐஸ் உடைப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆபரேஷன் தியேட்டரில் இத்தனை வருஷம் நர்ஸாக இருப்பவள் ஐஸ் உடைக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலை எடுக்கப் போகிறார்கள் என்று தகவல் வந்தால், என் கை முதலில் போவது ஃப்ரீசர் பக்கம்தான். மருந்துக்கடையில் விற்கிற சலைன் பாட்டில்களை அதில் உறைய வைத்திருப்போம். கட்டியான சலைனை வெளியே எடுத்து, கிருமி நீக்கிய துணியில் சுற்றி, சுத்தியலால் அடிக்க வேண்டும். கட்டி எதுவும் மிஞ்சாமல், மசித்த நுங்குபோலக் குழைந்து வரும்வரை அடிக்க வேண்டும். கூரான சில்லு ஒன்று கிடந்தாலும் எனக்குக் கோபம் வரும். கூட நிற்கிற பிள்ளைகள் அந்தக் கோபத்துக்குப் பயந்தே நன்றாக உடைப்பார்கள்.

எதற்கு இந்த ஐஸ் என்றால், உடம்புக்குள் இருக்கும்வரை ஈரலுக்கு ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. ரத்தம் நின்ற நிமிஷத்திலிருந்து அது பட்டினி. பட்டினி கிடப்பவரைத் தூங்க வைத்துவிட்டால் பசி கொஞ்சம் பொறுக்கும் இல்லையா, குளிர் செய்வது அதைத்தான். குளிர்ந்த மருந்துநீரைக் குழாய் வழியாக உள்ளே ஓட்டி, இருக்கிற ரத்தத்தை எல்லாம் கழுவி வெளியே எடுப்பார்கள். செங்காவி நிறத்தில் இருந்த ஈரல் மெல்ல மெல்லச் சந்தன நிறத்துக்கு வரும். திட்டுத் திட்டாக வெளுத்தால் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். ஒரே சீராக வெளுத்தால் எல்லோருக்கும் மூச்சு வரும். பிறகு அதே மருந்துநீரில் முங்க வைத்து ஒரு பையில் கட்டி, அதை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வைத்து, அதற்கும் வெளியே ஒரு பை போட்டுப் பெட்டியில் இறக்குவோம். ஐஸ் ஈரலை நேராகத் தொடக் கூடாது. தொட்ட இடம் உறைந்து செத்துவிடும். குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சின்ன இடத்தில்தான் எங்கள் பாடு.

இன்னொன்றும் உண்டு. குளிரில் ஆகிற சேதம் குளிரில் இருக்கும்போது தெரியாது. பெட்டியைத் திறந்து பார்த்தால் அழகாகவே இருக்கும். வேறொருவர் உடம்பில் வைத்துத் தைத்து, அவருடைய சூடான ரத்தத்தைத் திறந்துவிடும்போதுதான் அது பிழைத்ததா இல்லையா என்று தெரியும். இதை நான் அம்மா வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொல்வேன். என் தம்பி என்னை ஐஸ்காரி என்று கூப்பிடுவான். டூட்டி முடிந்து வந்தால், "அக்கா, இன்னைக்குப் பால் ஐஸா, சேமியா ஐஸா?" என்று கேட்பான். அம்மா மட்டும் ஐஸ் என்ற பேச்சு வந்தால் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

அதற்குக் காரணம் அப்பா. நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து கரமனையில் குடியேறியவர்கள். அப்பா சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதினார். அவர் இறந்தபோது தம்பி ஷார்ஜாவில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனிக்காரர் கையில், லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று நாள் தள்ளிப் போனது. கொள்ளி வைக்க ஒரே பிள்ளை. அவன் வரும்வரை அப்பாவைக் கண்ணாடி மூடி போட்ட ஃப்ரீசர் பெட்டியில் முன்னறையில் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால், பந்தலுக்குச் சொல்வதற்கு முன்னால் பெட்டிக்குத்தான் சொல்வார்கள்.

அந்தப் பெட்டியின் மோட்டார் ராத்திரி பகலாக உறுமிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் நீர் பூத்து அப்பாவின் முகம் மறையும்போதெல்லாம் அம்மா முந்தானையால் துடைப்பாள். கடைசியில் தம்பி வந்தான். மூடியைத் திறந்ததும் குனிந்து அப்பாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்தான். வைத்த வேகத்தில் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு செய்த காரியம் அது. அப்பாவின் கன்னம் கல்லாக இருந்தது. அதை அம்மா பார்த்துவிட்டாள். பெற்ற தகப்பனைத் தொட்டுப் பிள்ளை பின்வாங்கியதை அவளால் மறக்க முடியவில்லை. அன்றைக்கே சொன்னாள், இனி இந்த வீட்டில் யார் போனாலும் ஐஸில் வைக்கக் கூடாது, தானே போனாலும் வருகிறவர்கள் வந்து சாம்பலைப் பார்த்தால் போதும் என்று. தம்பி அதற்குப் பிறகு ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போகவில்லை. கரமனை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடை போட்டான். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவிலேயே இருக்கிறேன். அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அம்மாவோடு இருந்தான், கேட்டால் அக்கா பார்க்கிற பெண்ணெல்லாம் அக்காவைப் போலவே இருக்கிறது என்பான்.

ஐப்பசித் துலாவர்ஷ மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அவன் பைக் வழுக்கிச் சாலை நடுவில் இருக்கிற தடுப்பில் மோதியது. ஹெல்மெட் போட்டிருந்தான், வாரைப் பூட்டவில்லை. அவனை நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ பேருடைய அக்காமார்களிடம் அந்த முகத்தை ஒளித்து வைத்துப் பேசியவள் நான், எனக்கு அதை யாரும் ஒளிக்க முடியாது. அடுத்த நாட்களில் விதிப்படி செய்ய வேண்டிய சோதனைகளை எல்லாம் இரண்டு முறை செய்தார்கள். அவன் மூளை போய்விட்டது என்று எழுதினார்கள். நெஞ்சு மட்டும் மெஷின் தயவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

உறுப்பு தானத்துக்கு ஏற்பாடு செய்கிற கோஆர்டினேட்டர் ஒரு இளம் மலையாளிப் பெண். எனக்கு நன்றாகத் தெரிந்தவள். அவள் வந்து எதிரே உட்கார்ந்து, கையிலிருந்த படிவங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் அம்மாவிடம் பேச்சைத் தொடங்கினேன். தம்பி இனி எழுந்திருக்க மாட்டான், அவன் உறுப்புகள் வேறு சிலரைப் பிழைக்க வைக்கும் என்றேன். அம்மா நினைத்ததைவிடச் சீக்கிரம் தலையாட்டினாள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத பிள்ளை அவன், கடையில் பாதிச் சாமான் கடனுக்குப் போனது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோஆர்டினேட்டருக்குத் தெம்பு வந்து விவரமாகச் சொல்லத் தொடங்கினாள். கிட்னி இரண்டும் இந்த ஊரிலேயே இரண்டு பேருக்குப் போகும், ஈரல் கொச்சிக்குப் போகும், ஐஸ் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸில் கொண்டுபோவார்கள் என்றாள்.

அம்மா நிமிர்ந்தாள். "ஐஸ்லயா?"

கோஆர்டினேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்றாள்.

"ஐஸ்ல மட்டும் வேண்டாம், மக்களே. வேற என்ன வேணும்னாலும் செய்யுங்க. என் பிள்ளைய ஐஸ்ல வைக்கப்பிடாது."

மகளைக் கூப்பிடுவதுபோல அம்மா மக்களே என்று கூப்பிட்ட அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. ஐஸ் எல்லாம் இல்லை, சும்மா ஒரு பெட்டிதான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். அம்மா போய்ப் பார்க்கப் போகிறாளா? எனக்குப் பொய் வராது என்று இல்லை. வார்டில் எத்தனையோ பேரிடம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று கூசாமல் சொல்லியிருக்கிறேன். பிள்ளையைக் கொடுக்கிறவளிடம் அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை. கொச்சியில் ஒருவர் இந்த ஈரலுக்காகக் காத்திருக்கிறார், அவருக்கு வேறு வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மா மாட்டேன் என்றால் அவர் செத்துப்போவார்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னேன். ஐஸில்தான் வைப்பார்கள். ஈரல் ஐஸைத் தொடாது, பைக்குள் மருந்துநீரில் இருக்கும். வைக்காவிட்டால் பாதி வழியிலேயே அது அழுகத் தொடங்கும், வாங்குகிறவருக்கு விஷமாகும். வேறு வழி கிடையாதா என்று கேட்டாள். இருக்கிறது, ரத்தத்தை ஓடவிட்டு ஈரலைச் சூடாகவே வைத்திருக்கிற மெஷின் வந்திருக்கிறது, அது எங்களிடம் இல்லை என்றேன். என்ன ஆஸ்பத்திரி இது என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கும் அதேதான் தோன்றியது.

"அப்பாவ வச்சது செத்த பொறவும்மா," என்றேன். "இது சாகாம இருக்கதுக்கு."

அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். பிறகு, "குளிருமா?" என்றாள்.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"அவனுக்குன்னு கேக்கல. ஈரலுக்கு."

"குளிரும். குளிர்ந்தாத்தான் தாங்கும்."

அம்மா எழுந்து ஐ.சி.யு.வுக்குள் போனாள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை சூடாகத்தான் இருந்தது. மூளைச்சாவில் இருக்கிற பெரிய கொடுமையே இந்தச் சூடுதான். செத்துவிட்டான் என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் என்று தோன்றும், எனக்கே தோன்றியது. வெளியே வந்து கோஆர்டினேட்டரிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என்னிடம் ஒன்று சொன்னாள். "அவன் தனியாப் போகப்பிடாது. பெட்டி போறது வரை நீ கூட நில்லு."

சாவு வீட்டில் உடம்பைத் தனியாக விடக் கூடாது என்பது அவள் கணக்கு. ஆஸ்பத்திரியின் கணக்கு வேறு. சொந்தக்காரர் கிடக்கிற தியேட்டருக்குள் என்னை விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதனால் மறுநாள் காலையில் நான் வராந்தாவில் நின்றேன். நான் எத்தனையோ தடவை வேகமாகத் தள்ளிக்கொண்டு போன கதவு அது. அதற்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களை நான் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை.

உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டது. என்னிடம் வேலை கற்ற ஒரு பெண் உடைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் கட்டியாக இருக்கும்போது சத்தம் கணீரென்று இருக்கும். குழையக் குழைய மந்தமாகி, கடைசியில் நனைந்த துணியைத் தட்டுகிற சத்தம்தான் வரும். அவள் நிறுத்தினாள். இன்னும் கட்டி இருக்கிறது என்று என் காதுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்து கத்தலாமா என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து அவளே மறுபடியும் அடிக்கத் தொடங்கினாள். மந்தமான சத்தம் வரும்வரை அடித்தாள். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. தம்பிக்காக அதுவரை நான் அழவில்லை.

மதியத்துக்கு முன் பெட்டி வெளியே வந்தது. மீன் வாங்கப் போகிறவர்கள் தூக்கிக்கொண்டு போகிற பெட்டிபோலத்தான் இருக்கும், ஓரத்தில் சிவப்புப் பட்டி மட்டும் உண்டு. சர்ஜன்கள் முன்னால் நடக்க, நான் பெட்டி மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ்வரை போனேன். இருபக்கமும் சக ஊழியர்கள் கைகூப்பி நின்றார்கள். ஐஸ் உடைத்த பெண் என் காதருகே வந்து, ஒரே சீராக வெளுத்தது சேச்சி என்று மலையாளத்தில் சொன்னாள். வேறு யாராவது அந்த வேளையில் அப்படிச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆம்புலன்ஸ் கதவு மூடியது. போலீஸ்காரர்கள் விசிலடித்து வழி விலக்க, வண்டி வடக்கே திரும்பியது.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாகர்கோவிலிலிருந்து சித்தி வரத் தாமதமாகும், பெட்டிக்குச் சொல்லவா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வேறு வேலை இருக்கிறதுபோல நகர்ந்துவிட்டார். இருட்டுவதற்கு முன் எடுத்துவிட்டோம். கொள்ளி வைக்க அவனுக்குப் பிள்ளை இல்லை, என் கணவர் வைத்தார். கொச்சி போகிற வழியில் கொல்லத்தைத் தாண்டி நல்ல மழை, வண்டிகள் நகராமல் நின்றன என்று அன்று டிவியில் காட்டினார்கள். வீட்டில் எல்லோரும் அவனை நினைத்து அழுதுகொண்டிருக்க, நான் அந்த மழையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிட்னி வாங்கிய இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மறுநாளே தெரிந்துவிட்டது. கிட்னி கொஞ்சம் பொறுக்கும், ஈரல் அவ்வளவு பொறுக்காது. கொச்சிச் செய்தியைக் கோஆர்டினேட்டர் தானாகச் சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்ட பிறகு சொன்னாள். ரத்தத்தைத் திறந்தவுடன் நிறம் வந்ததாம். ஈரல் விழித்ததற்கு அடையாளமான பித்தம் மட்டும் ஊறவில்லையாம். வேறு ஈரல் கிடைக்குமா என்று எல்லா இடத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். வாங்கியவர் ஆண் என்பதைத் தவிர அவளும் எதுவும் சொல்லவில்லை. தந்தவர் யார், வாங்கியவர் யார் என்று இரு வீட்டுக்கும் சொல்லக் கூடாது என்பது விதி. அந்த விதியை நானே எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன்.

தம்பியின் ஈரலை எடுத்த சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். துக்கம் கழியாமல் ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை, டீ வாங்கித் தந்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கழுவியது சரியா? சரி. பைக்குள் காற்று இருந்ததா? இல்லை. மழையில் எவ்வளவு தாமதம்? தாங்குகிற நேரத்துக்குள்தான் போய்ச் சேர்ந்தது. கடைசி நாளில் தம்பிக்கு ரத்த அழுத்தம் ஒருமுறை இறங்கியது, அது கொஞ்சம் பாதித்திருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை என்றார். எல்லாம் சரியாக இருந்தும் சில ஈரல் குளிரிலிருந்து கண் திறப்பதில்லை என்றார். எல்லாம் சரி என்றால் பிறகு ஏன் என்று சத்தமாகவே கேட்டேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு நியாயம் கிடையாது, ஆனாலும் வந்தது. யாராவது ஒருவர் தப்புச் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மா தினமும் கேட்டாள். "அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கு?" வாங்கியவருக்கு எத்தனை வயசென்று எங்களுக்குத் தெரியாது, அம்மாவுக்கு அவர் பிள்ளைதான். ஈரல் இன்னும் வேலை தொடங்கவில்லை, பார்க்கிறார்கள் என்று சொன்னேன். ஐஸாலயா என்று கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பதில் வேறொன்று செய்தாள். எங்களுக்குத் தீட்டு, கோயிலுக்குள் போகக் கூடாது. அதனால் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டு, ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வரச் சொன்னாள். அர்ச்சனைக்குப் பேரும் நட்சத்திரமும் வேண்டும் அல்லவா? அம்மா தம்பியின் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னாள். மாமிக்கு வியர்த்துவிட்டது. இறந்தவன் பேரில் அர்ச்சனை செய்யும் வழக்கம் இல்லையே என்று என்னிடம் வந்து கண்ணால் கேட்டாள். அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"அவன் போயிட்டான், எனக்குத் தெரியாதா? ஈரலு இன்னும் போகல்லலா. அதுக்கும் அதே நட்சத்திரந்தான."

மாமி போனாள். பிரசாதம் கொண்டுவந்து தந்தாள். சாமியிடம் என்ன சொல்லி அர்ச்சனை செய்தாளோ, நான் கேட்கவில்லை. மறுநாளும் அம்மா அனுப்பினாள், மாமி மறுபேச்சில்லாமல் போனாள். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. இருந்தாலும் அந்த நாட்களில் மாமி தெருமுனையில் திரும்பும்வரை நானும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு மதியம் கோஆர்டினேட்டர் போனில் கூப்பிட்டாள். காலையில் அவர் இறந்துவிட்டார் என்றாள். வேறு ஈரல் கிடைக்கவில்லை. என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள், எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லை. நான் அம்மா வீட்டில்தான் இருந்தேன். அம்மா அடுக்களையில் சோறு வடிக்க நின்றிருந்தாள், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒளித்து வைத்து ஆற அமரச் சொல்லலாம் என்று நினைக்கும்போதே என் முகம் சொல்லிவிட்டது. அவள் பெற்ற மகள் நான், அவளிடம் எனக்கு முகம் ஒளிக்கத் தெரியாது.

"போயாச்சா?"

ஆமாம் என்றேன். கிட்னி இரண்டும் நன்றாக வேலை செய்கிறது, அந்த இரண்டு பேரும் வீட்டுக்குப் போகப் போகிறார்கள் என்று வேகமாகச் சொன்னேன். அவள் கேட்டதாகவே தெரியவில்லை. கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். பிறகு அது எந்த ஊர் என்று கேட்டாள். சொல்ல மாட்டார்கள் என்றேன். எந்த வீடு, என்ன ஆட்கள், பெஞ்சாதி பிள்ளைகள் உண்டா? எதுவும் சொல்ல மாட்டார்கள் அம்மா, அது விதி என்றேன்.

"துட்டி கேக்கப் போண்டாமா?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத் துட்டி என்பார்கள். சண்டை போட்டுப் பேச்சில்லாமல் இருக்கிற குடும்பமானாலும் துட்டிக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகாததை மறந்துவிடலாம், துட்டிக்குப் போகாததை யாரும் மறக்க மாட்டார்கள். நாம் துக்கத்தில் இருப்பவர்கள், எங்கும் போகக் கூடாது, போகவும் முடியாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ சாப்பிடு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தட்டை எடுத்து வைத்தேன். அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அங்க அந்தப் பிள்ளை கெடக்கான். அவன் வயித்துல நம்ம பிள்ளையும் கெடக்கான்லா. இன்னும் எடுக்கல. எடுக்கதுக்கு முன்னால நான் எப்படிச் சோறு திங்கது?"

சாவு வீட்டில் உடம்பைச் சுடுகாட்டுக்கு எடுக்கும்வரை அடுப்பெரியாது, யாரும் சாப்பிட மாட்டார்கள். இத்தனை வருஷம் எத்தனையோ ஈரலைப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்த இடத்தில் செத்தால் இங்கே ஒருத்தி பட்டினி கிடப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அம்மா அடுக்களை வாசலில் கால்நீட்டி உட்கார்ந்து, எடுத்தாச்சா என்று மட்டும் கேட்டுச் சொல் என்றாள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், அது மட்டும் போதும் என்றாள்.

கோஆர்டினேட்டரைக் கூப்பிட்டேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். இதைக் கேட்க விதியில் இடமில்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றாள். நானும் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சாம்பார் ஆறி ஆடை கட்டியது. வடிக்காத சோறு கஞ்சியிலேயே குழைந்தது. தெருவில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் மலையாளத்தில் கத்திக்கொண்டு போனார்கள். அம்மா சுவரில் சாய்ந்து காத்திருந்தாள்.

சாயங்காலம் போன் அடித்தது. "எடுத்தாச்சு, சேச்சி. அம்மாட்ட பறயணே," என்றாள் அந்தப் பெண். அவள் குரலும் உடைந்திருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் தரையில் கையூன்றி எழுந்து, போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈரப் புடைவையோடு அடுப்பைப் பற்ற வைத்தாள். குழைந்த சோற்றை இரண்டு தட்டில் போட்டு, எனக்கு ஒன்றைத் தந்து, "தின்னு மக்களே," என்றாள்.